நள்ளிரவில் பொறுப்பு யாருடையது? பயிற்சி மருத்துவரும் மேற்பார்வையும்: ஒரு வரலாறு

பிழைப்பு நாடி வேற்று மாநிலம் வந்து குடியேறிய நம் குடும்பங்களில், வீட்டில் ஒருவர் நோயுற்றுப் பெரிய மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இரவை அறியாதவர் அரியர். ஊரில் என்றால் அண்ணன் தம்பி, மாமன் மைத்துனன் என்று பத்துப் பேர் கூடி நிற்பர். இங்கோ கணவனுக்கு மனைவியும், தாய்க்கு மகனுமே துணை. வார்டு வாயிலிலுள்ள பலகையில் பேராசிரியரின் பெயரும் அவர் பெற்ற பட்டங்களும் எழுதப்பட்டிருக்கும். அப்பெயரை நம்பியே நோயாளியைச் சேர்த்திருப்போம். ஆயினும், நள்ளிரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறுகிறது என்று ஓடிச் சென்று அழைத்தால், வந்து நிற்பவர் அப்பேராசிரியர் அல்லர். இருபத்தைந்து அல்லது இருபத்தாறு வயதுடைய ஓர் இளைஞர், உறக்கமின்றிச் சிவந்த கண்களோடு வந்து நாடி பார்ப்பார், கேஸ் ஷீட்டைப் புரட்டுவார், ஊசிமருந்து எழுதுவார். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவரே. எனினும் மேற்பட்டப் படிப்பில் இன்னும் மாணவர்.

அவ்வேளையில் நம் நெஞ்சில் எழும் வினா ஒன்றே. இவர் தம் அறிவை மட்டும் நம்பி இதனைச் செய்கிறாரா? இவருக்குப் பின்னே, அழைத்தால் வரக்கூடிய மூத்தவர் ஒருவர் இருக்கிறாரா? இவ்வினாவிற்கு ஒரு நூற்றாண்டிற்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதனைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வள்ளுவப் பெருந்தகை, 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துள்ளார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர் என்பன அவை. அக்காலத்தில் தீர்ப்பவர் என்றால் ஒருவரே. கற்றவரும் அவரே, கட்டிலருகே நிற்பவரும் அவரே. இக்காலப் போதனா மருத்துவமனையோ அந்த ஒருவரை இருவராகப் பிளந்துவிட்டது. நிறையக் கற்றவர் ஒருவர். இரவெல்லாம் உடனிருப்பவர் மற்றொருவர். இவ்விருவரையும் இணைக்கும் கயிற்றின் பெயர்தான் மேற்பார்வை. அக்கயிறு அறுந்தால், மருந்தும் மருத்துவமனையும் இருந்தும் மருத்துவம் இல்லாமற் போகும்.

இப்பிளவு எங்கே தொடங்கியது? அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பெற்றது. அங்கே பொது மருத்துவத்திற்கு வில்லியம் ஆஸ்லரும், அறுவை மருத்துவத்திற்கு வில்லியம் ஹால்ஸ்டெட்டும் தலைமை ஏற்றனர். ஹால்ஸ்டெட் ஜெர்மானிய மொழி வழங்கும் நாடுகளில் ஈராண்டுகள் தங்கி, அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனைகளின் பயிற்சி முறையைக் கண்டறிந்தவர். பட்டம் பெற்ற இளம் மருத்துவரை மருத்துவமனையிலேயே பல ஆண்டுகள் தங்கவைத்து, சிறிது சிறிதாகப் பொறுப்பைக் கூட்டி, இறுதியில் தனித்து இயங்கவல்ல வல்லுநராக ஆக்குவதே அம்முறை. அங்கேயே உறைந்து பணியாற்றியமையால் அவர்கள் 'ரெசிடென்ட்' எனப்பட்டனர். நாமும் அவர்களை உள்ளுறை மருத்துவர் என்று அழைக்கலாம்.

நம் குருகுல முறையை இது நினைவூட்டும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. குருகுலத்தில் மாணவன் பிழை செய்தால் பாடம் பிழைபடும். இங்கோ உயிர் பிழைபடும். ஹால்ஸ்டெட்டின் முறை கூம்பு வடிவானது. கீழே பலர் சேர்வர். ஆண்டுதோறும் சிலர் விலக, உச்சியில் ஒருவரே தலைமை உள்ளுறை மருத்துவராவார். படிப்படியான பொறுப்பு என்னும் இக்கொள்கை உலகெங்கும் பரவி, இன்றளவும் மேற்பட்ட மருத்துவக் கல்விக்கு அடிப்படையாக விளங்குகிறது. இளையவரைத் தனியே விடாமல் திறமை வாராது. தனியே விட்டால் தீங்கு நேரலாம். இவ்விரு உண்மைகளுக்கும் இடையே எவ்வளவு தளர்த்துவது, எவ்வளவு இறுக்குவது என்பதே அன்று முதல் இன்று வரை தீராத சிக்கல்.

அச்சிக்கலுக்குள் மற்றொரு கசப்பான உண்மையும் மறைந்து கிடந்தது. நெடுங்காலம் அமெரிக்க மருத்துவமனைகளில் நோயாளிகள் இருவகைப்பட்டனர். பணம் உள்ளவர்களுக்கு அவரவர்தம் மருத்துவர் உண்டு. பணமற்றோர் தரும வார்டில் கிடந்தனர். அவர்களைக் கவனித்தவர்கள் பெரும்பாலும் உள்ளுறை மருத்துவர்களே. இளையவர்கள் யார்மேல் கற்றுக்கொண்டார்கள் என்றால், ஏழைகள்மேல் என்பதே விடை. 1965ஆம் ஆண்டில் முதியோருக்கான 'மெடிகேர்' என்னும் அரசு காப்புறுதித் திட்டம் சட்டமானபோது இந்நிலை அசைந்தது. ஏழை முதியவருக்கும் அரசு பணம் தரும் என்றான பின், யார் செய்த வேலைக்கு யார் கட்டணம் பெறுவது என்ற வினா எழுந்தது. மூத்த மருத்துவர் தாமே முன்னின்று நடத்தினால்தான் கட்டணம் கோரலாம் என்று 1969இல் அரசு வழிகாட்டியது. ஆயினும் முன்னின்று நடத்தியதற்குச் சான்று எது? கேஸ் ஷீட்டில் ஒரு கையொப்பம்!

கோப்புகளோடு காலங்கழிக்கும் என்போன்ற அரசு ஊழியர்க்கு இவ்விடம் நன்கு விளங்கும். எழுத்தர் குறிப்பு எழுதுவார். அதன்கீழ் மேலதிகாரி சுருக்கொப்பம் இடுவார். அவ்வொப்பம், 'படித்தேன், ஆராய்ந்தேன், உடன்படுகிறேன்' என்று பொருள்படும் நாளும் உண்டு. 'மாலை ஐந்தரை ஆகிவிட்டது' என்று மட்டும் பொருள்படும் நாளும் உண்டு. இரண்டிலும் மையின் நிறம் ஒன்றே. கோப்பில் நேர்ந்த பிழையை மறுநாள் திருத்தலாம். காய்ச்சல் ஏறிக் கிடக்கும் உடலில் நேர்ந்த பிழை மறுநாளுக்குக் காத்திராது. அமெரிக்க அரசு 1990களில் போதனா மருத்துவமனைகளின் கணக்குகளைத் துருவியபோது, உள்ளுறை மருத்துவர் செய்த பணிக்கு மூத்தவர் பெயரில் கட்டணம் கோரப்பட்டதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. 1995ஆம் ஆண்டு இறுதியில், பென்சில்வேனியப் பல்கலைக்கழகம் சார்ந்த மருத்துவர் குழுவொன்று இத்தகைய வழக்கைத் தீர்க்கச் சுமார் 3 கோடி டாலர் செலுத்த இசைந்தது.

ஆனால் மேற்பார்வை என்னும் சொல்லை வீடுதோறும் பேசவைத்தது பணம் அன்று. ஒரு பெண்ணின் மரணம்.

1984ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் இரவு, நியூயார்க் நகரின் பெயர்பெற்ற போதனா மருத்துவமனையொன்றிற்கு, கல்லூரியில் முதலாண்டு பயின்றுவந்த 18 வயதுடைய லிபி ஸையன் அழைத்துவரப்பட்டாள். கடுங்காய்ச்சல், உடல் விட்டுவிட்டுத் துடித்தது, மனமும் அமைதியிழந்திருந்தது. பயிற்சியில் முதலாண்டினர் ஒருவரும் இரண்டாமாண்டினர் ஒருவரும் அவளைப் பரிசோதித்தனர். குடும்ப மருத்துவரோடு தொலைபேசியில் கலந்து பேசினர். அவர் நேரில் வரவில்லை. மனச்சோர்வுக்காக அவள் பெனல்சின் என்னும் மருந்தை உட்கொண்டு வந்தாள். உடல் நடுக்கத்தைத் தணிக்க அவளுக்குப் பெதிடின் ஊசி போடப்பட்டது. இவ்விரு மருந்துகளும் ஒன்று சேர்தல் ஆகாது என்பது மருந்து நூல்கள் எச்சரிக்கும் செய்தி.

பின்னர் இரண்டாமாண்டு மருத்துவர், அழைத்தால் வரும் ஏற்பாட்டோடு அருகிலிருந்த கட்டடத்திற்கு உறங்கச் சென்றார். முதலாண்டு மருத்துவருக்கோ வேறு பல நோயாளிகளின் பொறுப்பும் இருந்தது. லிபியின் துடிப்பு கூடியதும் செவிலியர் தொலைபேசியில் அழைத்தனர். கைகால்களைக் கட்டுமாறும், அமைதிப்படுத்தும் ஊசியொன்றைப் போடுமாறும் அவர் பணித்தார். மீண்டும் வந்து பார்க்கவில்லை. விடியற்காலையில் காய்ச்சல் 107 டிகிரியை எட்டியிருந்தது. சற்று நேரத்தில் இதயம் நின்றது. மார்ச் 5ஆம் நாள் காலையில் அவள் உயிர் பிரிந்தது. அவ்விரவு முழுவதும் அவள் கட்டிலருகே மூத்த மருத்துவர் ஒருவர்கூட நிற்கவில்லை.

அவள் தந்தை சிட்னி ஸையன் பத்திரிகையாளர். முன்பு அரசு வழக்கறிஞராகவும் இருந்தவர். மகளை இழந்த அவர், இது தனிமனிதர் பிழை மட்டுமன்று, அமைப்பின் பிழை என்று எழுதினார்; பேசினார்; அதிகாரிகளின் கதவுகளைத் தட்டினார். மருத்துவர்கள்மீது கொலைக் குற்றம் சாட்டவேண்டும் என்பது அவர் கோரிக்கை. 1986இல் இதனை விசாரித்த கிராண்ட் ஜூரி எனப்படும் சான்றாயம் எவர்மீதும் குற்றம் சாட்ட மறுத்தது. ஆனால் அதன் அறிக்கை, போதிய மேற்பார்வையின்றி இளம் மருத்துவர்களை நெடுநேரம் பணியில் நிறுத்தும் முறையையே கடுமையாகச் சாடியது.

இதன்பின் நியூயார்க் மாநிலச் சுகாதார ஆணையர் டேவிட் ஆக்ஸல்ராட் ஒரு குழுவை அமைத்தார். அதன் தலைவர், ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் பெர்ட்ரண்ட் பெல். அக்குழுவின் பரிந்துரைகளின் வழியே 1989ஆம் ஆண்டு ஜூலை முதல் மாநில விதிகள் நடைமுறைக்கு வந்தன. உள்ளுறை மருத்துவர் வாரத்திற்குச் சராசரி 80 மணி நேரத்திற்கு மேல் பணியாற்றலாகாது. தொடர்ந்து 24 மணி நேரத்திற்கு மேல் நிற்கலாகாது என்பன ஒருபுறம். அனுபவமுள்ள மூத்த மருத்துவரின் மேற்பார்வை இரவும் பகலும் மருத்துவமனையிலேயே கிடைக்கவேண்டும் என்பது மறுபுறம்.

இவ்விடத்தில்தான் வரலாறு ஒரு வேடிக்கை செய்தது. உலகம் முதற்பாதியை நினைவில் கொண்டது; இரண்டாம் பாதியை மறந்தது. பெல் குழு என்றதும் 80 மணி நேரம் என்று சொல்லாதவர் இல்லை. ஆனால் பெல் அவர்களே, 1993இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதியபோது, நோயாளியின் நலனுக்குத் திறவுகோல் மேற்பார்வையே, மணிக்கணக்கு அன்று என்று வலியுறுத்தினார்.

ஏன் இவ்வாறு ஆயிற்று? மணியை எண்ணலாம், வருகைப் பதிவேட்டில் குறிக்கலாம், சோதனைக்கு வரும் அதிகாரியிடம் காட்டலாம். ஒரு மூத்தவர் உண்மையிலேயே நோயாளியைக் கண்டு, இளையவரின் முடிவை எடைபோட்டு, 'அந்த மருந்து வேண்டாம்' என்று தடுத்தாரா என்பதை எப்பதிவேட்டில் குறிப்பது? எண்ணத்தக்கதைச் சட்டம் எளிதில் பற்றும்; எண்ணவொண்ணாதது விரலிடுக்கில் நழுவும். எண்ணத்தக்க விதிகூட எளிதில் நிறைவேறவில்லை. 1998இல் மாநில அரசு திடீர்ச் சோதனை நடத்தியபோது மணிக்கணக்கு மீறல்கள் பரவலாகக் கண்டறியப்பட்டன.

நடுவுநிலை தவறாதிருக்க, வழக்கின் முடிவையும் கூறவேண்டும். ஸையன் குடும்பம் தொடுத்த உரிமையியல் வழக்கில் 1995 பிப்ரவரியில் ஜூரி தீர்ப்பளித்தது. பெதிடின் கொடுத்தமை கவனக்குறைவு என்று மூன்று மருத்துவர்கள்மீது பொறுப்பு சுமத்தப்பட்டது. மருத்துவமனைமீது கவனக்குறைவு சுமத்தப்படவில்லை. அப்பெண் போதைப்பொருள் பழக்கத்தை மறைத்ததாகக் கூறி, பொறுப்பில் ஒரு பங்கு அவள்மீதும் வைக்கப்பட்டது. குடும்பத்திற்கு 3,75,000 டாலர் வழங்கப் பணிக்கப்பட்டது. மரணத்தின் காரணம் பற்றி இருதரப்பு வல்லுநரும் வேறுபட்டே நின்றனர். இன்று பலர் அதனை, மருந்துகளின் சேர்க்கையால் விளையும் செரட்டோனின் நஞ்சேற்றம் எனக் கருதுகின்றனர். அமைப்பு குற்றமுடையது என்று சான்றாயம் சொன்னது. தனிமனிதரே பொறுப்பு என்று ஜூரி சொன்னது. இரண்டும் ஒரே இரவைப் பற்றியவை!

2003இல் 80 மணி நேர வரம்பு அமெரிக்க நாடு முழுமைக்கும், பயிற்சிகளுக்கு ஏற்பளிக்கும் அவையால் விரிவாக்கப்பட்டது. களைப்பு பொருட்டன்று என்று கூறுவோர்க்கு விடையாக 2004இல் ஓர் ஆய்வு வந்தது. பாஸ்டன் நகரின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த அவ்வாய்வு, பழைய நீண்ட பணிமுறையில் முதலாண்டு மருத்துவர்களின் கடும்பிழைகள் சுமார் 36 விழுக்காடு மிகுதி எனக் காட்டியது. 2011இல் முதலாண்டினர்க்குத் தொடர்ச்சியாக 16 மணி நேரமே வரம்பு என்றாயிற்று. பின்னர் 117 அறுவை மருத்துவப் பயிற்சித் திட்டங்களில் நடந்த ஒப்பாய்வு 2016இல் வெளியாயிற்று. நேரத்தைத் தளர்த்தியவற்றிற்கும் இறுக்கியவற்றிற்கும் இடையே நோயாளிகளின் நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு அதில் காணப்படவில்லை. 2017இல் 16 மணி நேர வரம்பு நீக்கப்பட்டது. நேரத்தைச் சுருக்கினால் பொறுப்பு கைமாறும் தடவைகள் கூடும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு செய்தி உதிரும் என்பதையும் உலகம் கற்றுக்கொண்டது.

ஆனால் 2011ஆம் ஆண்டின் விதிகளில், பலர் கவனியாத ஒரு பகுதி உண்டு. முதன்முறையாக மேற்பார்வையே படிநிலைகளாக வகுக்கப்பட்டது. மூத்தவர் நோயாளியின் அருகிலேயே நிற்பது முதல் நிலை. அதே இடத்தில் இருந்து உடனே வரக்கூடியவராக இருப்பது இரண்டாவது. வெளியே இருப்பினும் தொலைபேசியில் கிடைத்து, வேண்டின் வந்து சேர்வது மூன்றாவது. செய்து முடித்ததைப் பின்னர் ஆராய்ந்து அறிவுரை கூறுவது நான்காவது. முதலாண்டினர்க்கு முதலிரண்டே பொருந்தும் என்று விதி கூறிற்று. அன்றியும், நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவிற்கு மாற்றுதல் போன்ற எந்தெந்த நிலைகளில் இளையவர் மூத்தவர்க்குக் கட்டாயம் தெரிவிக்கவேண்டும் என்பதையும் முன்கூட்டியே வரையறுக்கச் சொல்லிற்று. 1984ஆம் ஆண்டின் அந்த இரவிற்கு இருபத்தேழு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட விடை இது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். லிபி ஸையன் இறந்த மருத்துவமனை, கார்னெல் மருத்துவக் கல்லூரியின் போதனா மருத்துவமனை. அதே கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்று வந்தவர்தாம் வேலூரைத் தம் ஊராக்கிக்கொண்ட ஐடா ஸ்கடர் அம்மையார். 1918இல் அவர் அங்கே பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். அது வளர்ந்து இன்று இந்தியாவின் தலைசிறந்த பயிற்சிக் களங்களுள் ஒன்றாக நிற்கிறது. கட்டிலருகே கற்பிக்கும் மரபு இவ்வாறு கடல் கடந்தும் வந்தது.

1943இல் அமைந்த போர் குழு 1946இல் அளித்த அறிக்கை, அகில இந்திய அளவில் உயர்கல்வி நிலையம் ஒன்று வேண்டும் என்றது. நம் லட்சுமணசுவாமி முதலியார் அக்குழுவில் ஓர் உறுப்பினர். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் புதுதில்லியில் அகில இந்திய மருத்துவ அறிவியல் நிலையம் அமைந்தது. உள்ளுறைப் பயிற்சி முறையும் நம் நாட்டில் வேரூன்றியது. 1992இல் மத்திய அரசு வகுத்த உள்ளுறை மருத்துவர் திட்டம், நாளொன்றுக்குத் தொடர்ந்து 12 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்று அளவு கூறிற்று. 2020இல் மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. அவ்வாணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிகளோ, 'நியாயமான' பணிநேரமும் ஓய்வும் தரப்படவேண்டும் என்று கூறி, எண்ணைக் குறிக்காமல் விட்டன. மேற்பட்ட மாணவர் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றவேண்டும் என்றும் வகுக்கப்பட்டுள்ளது. மக்களுக்கு இது நன்மையே. ஆயினும் தம் பேராசிரியர் அருகில் இல்லாத ஊரில், அம்மாணவரின் கயிற்றைப் பிடித்திருப்பவர் யார் என்பதை அங்குள்ள ஒவ்வொரு மருத்துவமனையும் தெளிவாக்கியாக வேண்டும்.

நம் மண்ணில் இச்சிக்கலுக்கு மற்றொரு முடிச்சும் உண்டு. பெரியவரை எதிர்த்துப் பேசாமை நமக்குப் பண்பாடு. நள்ளிரவில் பேராசிரியரை எழுப்பினால் சினம் கொள்வாரோ, 'இதுகூடத் தெரியாதா?' என்று மறுநாள் ரவுண்ட்ஸில் அனைவர் முன்னும் கேட்பாரோ என்ற அச்சம், இளையவரின் கையைத் தொலைபேசியிலிருந்து பின்னுக்கு இழுக்கும். அந்த அச்சத்தின் விலையைச் செலுத்துபவர் பேராசிரியரும் அல்லர், மாணவரும் அல்லர், கட்டிலில் கிடப்பவர். நல்ல ஆசிரியரின் அடையாளம், அவர் எத்தனை அறுவைகள் செய்தார் என்பதில் இல்லை. அவருடைய மாணவர் இரவு இரண்டு மணிக்கு அஞ்சாமல் அவரை அழைப்பாரா என்பதில் இருக்கிறது.

நம் வீட்டுப் பிள்ளைகளுள் எத்தனையோ பேர் இன்று அந்த வெள்ளை அங்கியை அணிந்துள்ளனர். நம் வீட்டு முதியோருள் எத்தனையோ பேர் அந்தக் கட்டில்களில் படுக்கின்றனர். இவ்விரு தரப்பும் நம்மவரே. ஆதலின், இரவில் வரும் இளைஞரைக் கண்டு எரிந்து விழுதலும் வேண்டா. வாய் பொத்தி நிற்றலும் வேண்டா. நோயாளி உட்கொண்டுவரும் மருந்துகள் அனைத்தையும் ஒளியாமல் கூறுவோம். பின்பு பணிவோடு, ஆனால் தெளிவாக, ஒரு கேள்வி கேட்போம்: "பெரிய டாக்டருக்குச் சொல்லியாயிற்றா, தம்பி?"

உள்ளுக்குள் ஐயத்தோடு நிற்கும் அந்த இளைஞருக்கு, தொலைபேசியை எடுக்க அக்கேள்வியே துணிவைத் தரக்கூடும்.